பெரிய வீட்டுச் செருப்பின் சத்தம்

மாதா கோயிலில் தூபத்துக்கு வைத்திருந்த குங்கிலியத்தில் ஒரு கைப்பிடி எடுத்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் பரிகாரமாக மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தேன். அந்தக் குங்கிலியத்தை வைத்து என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அதற்காக வருத்தப்படுகிறேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வருத்தம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சின்னமனூரிலிருந்து கம்பம் போகும் வண்டிப்பாதையில் எங்கள் ஊர். என் அப்பா உபதேசியார். கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர் எனக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார். கட்டிக்கொடுத்தது பாரவண்டி ஓட்டுகிறவருக்கு. மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அரிசியும் சுண்ணாம்பும் கயிறும் ஏற்றிக்கொண்டு கூடலூர் தாண்டி மலையேறும் வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. பாரம் ஏற்றிய வண்டியில் வண்டிக்காரன் உட்கார முடியாது. ஏற்றத்தில் மாட்டோடு மாடாக நடக்க வேண்டும். இறக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டே ஓட வேண்டும். கால் போனால் பிழைப்புப் போனது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் ‘அவர்’ என்றால் என் கணவர். ‘அவன்’ என்றால் ஊர்த்தலைவனாக இருந்த பெரிய வீட்டுக்காரன். அந்த நாளில் அவனை ‘அவன்’ என்று வாய்விட்டுச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதனால் இங்கே ஆசை தீர எழுதிக்கொள்கிறேன்.

அவன் செருப்பு சத்தம் போடும். புதுச் செருப்பு நாலு நாள் முனகுமே, அது இல்லை. வேண்டுமென்றே அப்படித் தைத்தது. அடிக்கு அடி கிறீச், கிறீச் என்று கேட்கும். தெருவின் அந்தக் கோடியில் அவன் படியிறங்கினால் இந்தக் கோடியில் தெரியும். சத்தம் கேட்டதும் மந்தைச் சாவடியில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். தோள்துண்டு இடுப்புக்குப் போகும். வெற்றிலை கன்னத்துக்குள் ஒதுங்கும். ஒருவரும் முகத்தைப் பார்த்து எழுவதில்லை, சத்தத்துக்கே எழுந்து பழகியிருந்தார்கள். அவன் அப்பன் காலத்துச் செருப்பும் அப்படித்தான் கத்துமாம்.

எங்களைப் போன்றவர்கள் அந்தப் பெரிய தெருவில் செருப்புப் போடக் கூடாது. தெருமுனையில் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கோடி போனபிறகுதான் காலில் மாட்டலாம். வண்டிப்பாதை அந்தத் தெரு வழியாகத்தான் போனது. சுற்றிப் போக வேறு வழி இல்லை.

எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம், மார்கழியில், மலை இறக்கத்தில் அவருக்குக் குதிகாலில் மூங்கில் முளை ஏறிவிட்டது. விரல் நுழையும் அளவுக்குக் காயம். துணியைக் கிழித்துக் கட்டி, அதன்மேல் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பும் வண்டியிலும் பாரம் இருந்ததால் கூடலூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். பெரிய தெருமுனையில் செருப்பைக் கழற்ற முடியவில்லை, ரத்தம் காய்ந்து துணியும் செருப்பும் ஒட்டிக்கொண்டுவிட்டன. உச்சிவேளைதானே, யாரும் இருக்கமாட்டார்கள் என்று அப்படியே நடந்துவிட்டார்.

சாவடியில் அவன் இருந்தான். கத்தவில்லை, அடிக்கவில்லை.

“ஏலே, செருப்புக்குத்தான் கண்ணு இல்ல, உனக்குமா இல்ல?” என்று கேட்டானாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு தன் ஆளைக் கூப்பிட்டு, அவர் காலில் இருக்கும்போதே கருக்கரிவாளால் செருப்பு வாரை அறுக்கச் சொன்னான். அறுந்த இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை போகச் சொன்னான்.

நான் வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். மாடுகள் தாமாகவே வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றன. பின்னால் அவர் வந்தார். தெருக்கோடியும் தாண்டி, எங்கள் சந்தும் தாண்டி, வாசலுக்கு வந்த பிறகும் தலையில் செருப்பு இருந்தது. இறக்கி வைக்க அவருக்கு நினைவு வரவில்லை. நான்தான் எடுத்தேன். அந்த நிமிஷத்தில் என் வயிற்றில் மூண்ட தீயை நான் பின்னால் எந்தத் தண்ணீரையும் ஊற்றி அணைக்கப் பார்த்ததில்லை.

அவர் சாது. “விடு புள்ள, போட்டது என் தப்புதான்” என்றார். அதைக் கேட்டு எனக்கு அவன்மேல் இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று. மனுஷனின் வாரை அறுத்ததோடு நில்லாமல், தப்பு தன்மேல் என்று நினைக்கவும் வைத்துவிட்டானே.

செருப்புத் தைப்பவர் ஊருக்கு ஒருவர். களத்துமேட்டில் நெல் வாங்கிக்கொண்டு வருஷம் முழுக்க எல்லாருக்கும் தைத்துக் கொடுப்பார். நான் அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு போனேன். தைப்பவர் கை நீட்டவில்லை.

“ஆத்தா, உங்க வீட்டுச் செருப்பைத் தொடக் கூடாதுன்னு பெரிய வீட்டுல சொல்லியிருக்காக. தொட்டா என் களத்து நெல்லு போயிரும்” என்றார்.

நான் திரும்பினேன். தைப்பவர் கூப்பிட்டார். தன் பழைய குத்தூசியைச் சுவர்மேல் வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்னையத்தான் தைக்கக் கூடாதுன்னாக. ஊசிக்கு ஒண்ணும் சொல்லல.”

எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு பழைய செருப்பைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன். துணி தைப்பதுபோல மேலும் கீழுமாக ஒரே ஊசியை ஓட்டினால் ஒரு தையல் அறுந்ததும் எல்லாம் உருவிக்கொண்டு போகும். ஒரு நூலின் இரண்டு முனையையும் ஒரே ஓட்டையில், இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் நுழைத்து இழுக்க வேண்டும். அப்போது ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். எங்கள் கூரைமேல் பழைய கமலைத் தோல் ஒன்று கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தேய்ந்தது, மூன்று வருஷ வெயிலில் அப்பளமாகக் காய்ந்திருந்தது. அதை ஊறவைத்து, வெட்டி, தேய்ந்த குதிகாலுக்கு ஓர் அடுக்குக் கொடுத்தேன். வாருக்கும் அதிலேயே பட்டை எடுத்தேன். சணலை மூன்று புரியாக முறுக்கினேன். நூலுக்கு மெழுகு வேண்டும். மலைத்தேன் கொண்டுவருபவர்கள் அந்த மாதம் வரவில்லை. கோயிலைக் கூட்டுவது என் முறை. தூபக்கால் பக்கத்தில் குங்கிலியம் இருந்தது. பிசின்தானே, பிடிக்கும் என்று எடுத்துவந்து இடித்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டு நூலில் தேய்த்தேன். மிச்சப் பொடி தோலுக்கு நடுவில் சிந்தியது. தட்டிவிட நேரமில்லாமல் அப்படியே வைத்துத் தைத்தேன்.

நாலு நாள் ஆயிற்று. உள்ளங்கை இரண்டும் கிழிந்தன. அதற்குள் அக்கம்பக்கத்தில் பேச்சு வந்துவிட்டது. “செருப்புத் தைக்கிற வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கலாமா?” என்று கேட்டவள் கோயிலில் எனக்குப் பக்கத்தில் முழந்தாளிடுகிறவள். எங்கள் ஊரில் ஞானஸ்நானத் தண்ணீர் தலைமுறைகளாக எல்லாவற்றையும் கழுவியது, இதை மட்டும் கழுவவில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் முற்றத்தில் நாலடி வைத்தார். கிறீச், கிறீச்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. காய்ந்த தோலும் குங்கிலியப் பொடியும் ஒன்றையொன்று உரசிச் சத்தம் போடுகின்றன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெரிய வீட்டுப் பெருமையின் ரகசியம் இவ்வளவுதானா!

மறுநாள் சாயங்காலம் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கிணற்றடிச் சந்தில் திரும்பியிருக்கிறார். மண்சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டதுதான் தாமதம், மூவரும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்றுவிட்டார்கள். சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது வண்டிக்காரர். ஒருவன் வெட்கத்தில் காறித் துப்பினான். இன்னொருவன், “ஏலே, உன் செருப்பு உசுரை வாங்கப் போகுது பாத்துக்க” என்றான்.

அவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக விளக்கெண்ணெயை எடுத்துச் செருப்பு முழுக்க ஊற்றி ஊறப்போட்டுவிட்டார். விடிந்தபோது அது ஊமையாகியிருந்தது. எண்ணெய் குடித்த தோல் அப்புறம் பேசாது. இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் செருப்பு பேசக் கூடாது என்றால் அவன் செருப்பு மட்டும் ஏன் பேச வேண்டும்? அதற்கு அவன் செருப்பு என் கைக்கு வர வேண்டும். வராது என்று தெரியும். ஆனாலும் காத்திருந்தேன். காத்திருப்பதில் நான் கெட்டிக்காரி.

மாசியில் செருப்புத் தைப்பவர் அணை வேலைக்கு மலையேறிப் போய்விட்டார். அங்கே தோல்வாரும் துருத்தியும் தைக்கக் கூலி நன்றாகக் கொடுத்தார்கள். யாருக்கும் பயந்து இருக்கவேண்டியதில்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. கௌமாரியம்மன் கோயில் வாசலில் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்குப் பரிவட்டம் கட்டுவது வழக்கம். அதற்கு அவன் ஊரே எழுந்து நிற்க, தெரு நடந்து, வண்டி ஏறிப் போவான். திருவிழாவுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு அவன் செருப்பின் அடித்தோல் முன்பக்கம் வாய் பிளந்துகொண்டது. சுற்றுவட்டாரத்தில் செருப்புத் தைக்கிறவர்கள் எல்லாம் கடை போட வீரபாண்டிக்குப் போய்விட்டார்கள்.

அந்த வீட்டு வேலைக்காரம்மா புல்லுக்கட்டோடு எங்கள் கொல்லைக்கு வந்தாள். புல்லை விலக்கினாள். உள்ளே துணியில் சுற்றிச் செருப்பு.

“பெரிய வீட்டு ஆத்தா குடுத்துவிட்டாக. ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாதாம். இங்கன தைச்சதுன்னு வெளிய தெரிஞ்சா அந்த வீட்டு மானம் போயிரும்னாக.”

“தெரியாது. நான் சொல்லல” என்றேன். அவர்களாலும் சொல்ல முடியாது என்பதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அதுதான் எனக்கு வேண்டியது. என் வீட்டில் தைத்ததென்று வாய் திறக்க முடியாதவன், நான் செய்வதைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவான்?

கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். இரண்டு அடித்தோலுக்கும் நடுவில் விரல் அகலத்தில் ஒரு காய்ந்த தோல்துண்டு இருந்தது. மஞ்சள் பூத்தாற்போலப் பிசின் பொடி. இரண்டு காலிலும் ஒவ்வொன்று. இந்த இரண்டு துண்டுக்காகத்தான் ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாக முதுகை வளைத்திருக்கிறது. உருவி எடுத்தேன். உள்தோல் முழுவதும் விளக்கெண்ணெயைத் தடவித் தடவி, இனிக் குடிக்க முடியாது என்கிற அளவுக்குக் குடிக்கவைத்தேன். வெளிப்பக்கம் ஒரு பொட்டு எண்ணெய் தெரியாமல் தவிட்டால் துடைத்தேன். அப்புறம் தைத்தேன். என் ஆயுளில் அவ்வளவு அழகாக எதையும் தைத்ததில்லை. என் கல்யாணச் சேலை முந்தானையைக்கூட அவ்வளவு ஆசையாக மடித்ததில்லை. என் கணவரின் வாரை அறுத்தவனுக்கு அறுக்க முடியாத தையல் போட்டுக் கொடுத்தேன்.

முன்கூட்டிக் கொடுக்கவில்லை. அவன் கிளம்ப வண்டி பூட்டியபிறகுதான் வேலைக்காரம்மா கையில் கொடுத்தேன்.

“புதுத் தையல். ரெண்டு நாள் நடந்தாத்தான் சத்தம் வரும்னு சொல்லு” என்றேன்.

குடத்தை எடுத்துக்கொண்டு நானும் மந்தைக்குப் போனேன். சாவடியில் எட்டுப் பத்துப் பேர். ஆடுபுலி ஆட்டம் மும்முரமாக நடந்தது. முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். அவன் வந்தான். சரிகை வேட்டி, காதில் கடுக்கன், எல்லாம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. சாவடிக்கு நேராக வந்தான். ஒருவரும் திரும்பவில்லை. நின்றான். புலியை எங்கே வைப்பது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் இருமினான். மறுபடி பலமாக இருமினான். ஒருவன் திரும்பிப் பார்த்துப் பதறி எழுந்து மற்றவர்களைத் தட்டுவதற்குள், அவன் முகம் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிவிட்டது. நான் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று கஞ்சி எனக்கு இனித்தது.

திருவிழா முடிந்து வந்தும் செருப்பு பேசவில்லை. அவன் போகிற இடமெல்லாம் இருமிக்கொண்டு போனான். இருமலுக்கு யார் எழுவார்கள்? கிழவன் கிழவி எல்லாரும் இருமுகிறார்கள். சிலர் எழுந்தார்கள், சிலர் எழாமல் கேட்காததுபோல இருந்துவிட்டார்கள். எழாமல் இருந்தும் வானம் இடிந்து விழவில்லை என்று கண்டுகொண்டார்கள்.

என் கோபம் அதோடு தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. தலையில் செருப்போடு வந்து வாசலில் நின்றவர் இன்னும் அந்தத் தெருவில் வெறுங்காலோடுதான் போனார். குதிகால் புண் ஆறுவதும் வெடிப்பதுமாக இருந்தது. வைகாசியில் சீழ் வைத்துவிட்டது. வைத்தியர், “மண்ணு படக் கூடாது, பட்டா காலை எடுக்க வேண்டியதுதான்” என்றார்.

அன்று அவர் தூங்கும்போது அவர் செருப்பைப் பிரித்தேன். எண்ணெய் குடித்த தோலைத் தூக்கி எறிந்தேன். கமலைத் தோலில் மிச்சமிருந்ததை வெட்டினேன். நடுவில் அவன் செருப்பிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளையும் வைத்துத் தைத்தேன்.

காலையில் கூடலூருக்குப் பாரம். சோற்றுமூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் கூட நடந்தேன். எங்கள் சந்தில் இருக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“ஏ புள்ள, சத்தம் வருது.”

“வரட்டும்.”

பெரிய தெருமுனையில் பழக்கப்படி குனிந்து வாரில் கை வைத்தார்.

“கழட்டாதீக” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். விடு புள்ள என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வாரிலிருந்து கையை எடுத்தார். தார்க்குச்சியைத் தோளில் வைத்தார். மாட்டை அதட்டிவிட்டு நடந்தார். இவ்வளவு நாளும் அந்த அரிவாள் அறுத்த காயம் அவருக்குள்ளும் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

கிறீச். கிறீச். கிறீச்.

சாவடியில் நாலைந்து பேர், நடுவில் அவன், முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டதும் எல்லாரும் முதலில் பார்த்தது அவனைத்தான். அவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான், சத்தம் அங்கிருந்து வருகிறது. அப்படியானால் வருவது அவனைவிடப் பெரிய ஆள். ஜமீனோ, தாசில்தாரோ. விறுவிறுவென்று எழுந்தார்கள். அவனும் எழுந்தான். எழும்போதே துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். முதுகை வளைத்துக்கொண்டு திரும்பினான்.

எதிரே என் கணவர், காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

அவன் கண் அந்தச் செருப்புக்குப் போய், அங்கிருந்து என் கைக்கு வந்தது. எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. எதைச் சொல்வான்? என் செருப்பை இவள் வீட்டில் தைத்தேன் என்றா?

“உக்காருங்கய்யா. எங்க வீட்டுக்காரருக்குப் போய் நீங்க எந்திரிக்கணுமா?” என்றேன். தெருவே கேட்கும்படி சொன்னேன்.

யாரோ சிரித்தார்கள். மார்கழியில் சிரித்த அதே ஆட்கள்தான்.

அதன்பிறகு அந்த ஊரில் பதினைந்து நாள்கூட எங்களால் இருக்க முடியவில்லை. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. வைக்கோல் படப்பு எரிந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. பாத்திரம், மரப்பெட்டி, மாதா சுரூபம், குத்தூசி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பத்துக்குக் கிளம்பினோம். கம்பம் போக வேண்டுமானாலும் பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

பாரம் அதிகமில்லை, வண்டியில் உட்கார இடம் இருந்தது. புண்காலை வைத்துக்கொண்டு ஏன் நடக்கிறீர்கள், ஏறி உட்காருங்கள் என்று சொன்னேன். அவர் ஏறவில்லை. தெரு முடிகிற வரைக்கும் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார், அதுவும் மெதுவாக.